சிலாங்கூர் ஆற்று முகத்துவாரத்தில் ஒரு மாலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மலேசியாவில் எங்கள் ஊரான பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து இரண்டு வேன்களில் கிளம்பி கோலசிலாங்கூர் சதுப்புநிலத்துக்குப் போகிறோம். மாலையில் பறவைகளும் சேற்று உயிர்களும், இருட்டியதும் மின்மினி, அப்புறம் வீடு. ஊருக்கு 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிவிட்டார்கள். நம் பேச்சில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது, இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். கோயில் வாசலிலும் வாட்ஸ்அப்பிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதினேன்.

நம்ம ஊர் ஆறுதானே, அதைப் பார்க்க எதற்கு வேன் பிடித்துப் போக வேண்டும்?

அதே ஆறுதான். அதனால்தான் வாருங்கள் என்கிறேன். புக்கிட் ஃபிரேசர் மலைப்பக்கம் பிறந்து, கோலகுபு பாருவைத் தாண்டி, நம் தோட்டங்களை ஒட்டி ஓடி, கோலசிலாங்கூரில் கடலில் கலக்கிறது சிலாங்கூர் ஆறு. 1917இல் மலாயாவிலேயே முதன்முதலாக வணிகத்துக்கென்று செம்பனை (எண்ணெய்ப்பனை) நட்டது இங்கே பக்கத்தில் இருக்கும் தென்னமரம் தோட்டத்தில்தான். அந்தப் பெயரே நம் வாயில் பிறந்த பெயர். நம் வடிகாலில் ஓடும் மழைநீர் எல்லாம் கடைசியில் அந்த முகத்துவாரத்துக்குத்தான் போய்ச் சேர்கிறது. ஆனால் அதை நேரில் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

என் அம்மா முப்பது வருடத்துக்கு மேல் ரப்பர் பால் வெட்டியவர். அரைமணி நேரத் தூரத்தில் இருந்த கடலோரச் சதுப்பைத் தன் அறுபத்தெட்டாவது வயதில்தான் முதலில் பார்த்தார். கரைமேட்டில் நின்று கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இம்புட்டுத் தண்ணியும் நம்ம பக்கத்துலருந்தா வருது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அப்புறம்தான் மற்றவர்களையும் கூட்டிப்போக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

எங்கெங்கே போகிறோம்?

முதலில் புக்கிட் மெலாவத்தி அடிவாரத்தில் இருக்கும் கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்கா. தாமான் ஆலம் என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். 1987இல் திறந்தது. அலையாத்திக் காட்டுக்கும் உள்பக்கக் காட்டுக்கும் நடுவே நீளமாக ஒரு கரைமேடு போட்டிருக்கிறார்கள், நம் நடை பெரும்பாலும் அதன்மேல்தான். உள்ளே ஒரு உப்பங்கழிக் குளமும் பார்வைக் கோபுரங்களும் உண்டு. இருட்டும் நேரத்தில் திரும்பி, நம் ஊர்ச் சாலையிலேயே வந்து கம்போங் குவாந்தானில் படகு ஏறுகிறோம். நுழைவுக்கட்டணம் சில ரிங்கிட்தான். படகுக்கு வேறாகக் கட்ட வேண்டும்.

எல்லா மாதமும் ஒரே தேதி வைக்காமல் ஏன் மாற்றிக்கொண்டே இருக்கிறீர்கள்?

இந்தப் பயணத்தில் முக்கால்வாசி விஷயம் நாள் பார்ப்பதில் இருக்கிறது. கல்யாணத்துக்குப் பார்க்கிற மாதிரிதான், வீட்டில் தொங்கும் தமிழ் நாள்காட்டியே போதும். அமாவாசைக்கு முன்னும் பின்னும் இரண்டு மூன்று நாள் நமக்கு உகந்த நாட்கள்.

ஒரு காரணம் மின்மினி. நிலா வெளிச்சத்தில் அதன் ஒளி மங்கிப்போகும். இன்னொரு காரணம் கடல். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் இழுப்பதால் ஏற்றமும் வற்றும் பெரிதாக இருக்கும். நம் மேற்குக் கரையில் அந்த நாட்களில் நீர்மட்டம் நாலு மீட்டருக்கு மேல்கூட ஏறி இறங்கும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் அந்த வித்தியாசம் சுருங்கிவிடும். அமாவாசை அன்று இங்கே ஏறத்தாழ நடுப்பகலில் வற்று, மாலை மங்கும் வேளையில் ஏற்றம். நாம் மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தால் சேறு இன்னும் திறந்து கிடக்கும், தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருக்கும். தண்ணீர் ஏற ஏற, வெளியே சேற்றில் மேய்ந்த பறவைகளுக்குக் கால் வைக்க இடம் இருக்காது. கரையைப் பார்த்து, நம்மைப் பார்த்து வரும். நாம் அவற்றைத் துரத்த வேண்டியதே இல்லை, சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முதல் பயணத்தைப் பள்ளி விடுமுறைக்கு வசதியாக இருக்கிறதே என்று பௌர்ணமிக்கு மறுநாள் வைத்துவிட்டேன். இருபத்தெட்டு பிள்ளைகள். ஆறு முழுக்கப் பால் மாதிரி நிலா வெளிச்சம், மரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மினுக்கல். "டீச்சர், இவ்வளவுதானா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். அவளை அடுத்த அமாவாசைக்கு மறுபடி கூட்டிப்போனேன்.

எந்த மாதம் நல்லது?

மின்மினி வருடம் முழுக்க உண்டு. வலசைப் பறவைகள் செப்டம்பரில் வரத் தொடங்கி மார்ச், ஏப்ரலில் திரும்பிவிடும். புரட்டாசி விரதத்தோடு வந்து, தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கும் நாட்களில் நிறைந்திருக்கும் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். தீபாவளியை ஒட்டிய அக்டோபர், நவம்பர் நம் பக்கத்தில் மழை மாதங்கள், குடை இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

சேறுதானே? அதில் என்ன இருக்கிறது பார்க்க?

எல்லாரும் முதலில் கேட்பது இது. பதிலைச் சொல்வதைவிட, பாதை ஓரம் குந்தி உட்கார்ந்து பத்து நிமிடம் ஒரு கைப்பிடிச் சேற்றையே பாருங்கள் என்பேன்.

நாம் நடந்து போகும்போது சேறு வெறுமையாகத்தான் தெரியும். காலடி அதிர்ந்ததும் எல்லாம் வளைக்குள் போய்விடும். அசையாமல் இருந்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் ஒரு துளையின் வாயில் ஏதோ சிவப்பாக எட்டிப் பார்க்கும். அது நண்டு. ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு உடம்பளவு பெரியது, மற்றது சின்னது. பெரியதை மேலும் கீழும் ஆட்டிப் பெண்ணைக் கூப்பிடும், மற்ற ஆணை மிரட்டும். அந்தக் கையால் சாப்பிட முடியாது. சின்னக் கையால் சேற்றைக் கிள்ளி வாயில் போட்டு, அதில் ஒட்டியிருக்கும் சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மிளகு மாதிரி உருட்டிக் கீழே வைக்கும். பெண்ணுக்கு இரண்டும் சின்னக் கை என்பதால் அது இரு கையாலும் சாப்பிடும். இதைக் கண்டுபிடித்த ஒரு பையன் வேன் முழுக்க எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே வந்தான்.

அப்புறம் சேற்றுத்தாவி மீன். மலாய்க்காரர்கள் பெலாச்சாக் என்பார்கள். மீன்தான், ஆனால் தண்ணீர் வற்றினால் சேற்றின்மேல் முன் துடுப்பை ஊன்றி ஊன்றி நடக்கும். கண் இரண்டும் தலைக்கு மேலே, தவளைக்கு இருப்பது போல. ஈரம் இருக்கும்வரை தோல் வழியாகவும் வாய்க்குள் இருக்கும் ஈரச் சவ்வு வழியாகவும் மூச்சு விடும். அதனால்தான் அடிக்கடி ஒருக்களித்துப் புரண்டு உடம்பை நனைத்துக்கொள்கிறது. பெரிய வகை ஒரு சாணுக்கு மேல் வளரும். இரண்டு ஆண்கள் நேருக்கு நேர் முதுகுத் துடுப்பை விரித்து நிற்பதைப் பார்த்தால் நகர மனசு வராது.

மரங்களையும் விடாதீர்கள். ஆப்பி-ஆப்பி மரத்தைச் சுற்றிச் சேற்றில் ஆணி அடித்தது போல நிற்பவை அதன் மூச்சு வேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லாததால் வேர் மேலே வந்து மூச்சு விடுகிறது. பாக்காவ் மரம் முட்டுக்கட்டை மாதிரி வேர்களை ஊன்றி நிற்கும். அதில் முருங்கைக்காய் போலத் தொங்குவதைக் காய் என்று நினைத்துக்கொள்வார்கள், ஆனால் அது கன்று. தாய்மரத்திலேயே முளைத்து, வளர்ந்து, கனத்து, கீழே விழுந்து சேற்றில் குத்தி நிற்கும். தண்ணீரில் விழுந்தால் மிதந்து போய் வேறு எங்காவது ஊன்றிக்கொள்ளும்.

முழங்கால் உயரத்துக்கும் மேலே மண் குவியல்கள் தெரியும். நம் பிள்ளைகள் பாம்புப்புற்று என்று நினைத்துக் கை கூப்புவார்கள். அது சேற்று இறால் வகை ஒன்று இரவில் தோண்டி வெளியே தள்ளிய மண். தோண்டுபவரை நான் இன்னும் ஒரு தடவைகூட முழுதாகப் பார்த்ததில்லை.

என்னென்ன பறவை வரும்?

கொக்கு, சாம்பல் நாரை, வக்கா, மீன்கொத்தி, கானாங்கோழி ஆகியவற்றைப் பெரும்பாலும் பார்க்கலாம். கானாங்கோழி நம் தோட்டத்து வடிகாலிலும் ஓடுவதுதான், மலாயில் ருவாக்-ருவாக். குளிர்மாதங்களில் பவளக்காலி, உள்ளான், வளைந்த அலகுள்ள கோட்டான் (ஆந்தை இல்லை, சேற்றில் மேயும் பறவை) எல்லாம் சேற்றுக்கு வரும். பவளக்காலியைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். சைபீரியா, மங்கோலியா, சீனப் பக்கங்களில் குஞ்சு பொரித்துவிட்டு நம் கடற்கரைக்கு வந்திருக்கிறது. ஆர்க்டிக் ஓரத்திலிருந்து ஆஸ்திரேலியா வரை போகும் பறவைப் பாதையில் நம் மேற்குக் கரை ஒரு சத்திரம். இங்கே சேறு இல்லாமல் போனால் அதற்கு அடுத்த வேளைச் சாப்பாடு இல்லை.

பால்வெண் நாரை பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: எதிர்பார்த்து வர வேண்டாம். மிக அரிதாகிவிட்ட பறவை. தேசிய மிருகக்காட்சிசாலையில் இனப்பெருக்கம் செய்து விடுவித்திருக்கிறார்கள். அதற்குப் பேர்போன இடம் பேராக்கில் கோலகூலா.

கருடன் தெரியுமா? கோழித்தோல் போட்டுக் கூப்பிடும் படகில் ஏற்றுவீர்களா?

கருடன் நிச்சயம் தெரியும், பெரும்பாலும் நாலைந்து சேர்ந்தே. வெள்ளைத் தலை, செம்மண் நிற உடம்பு. கும்பாபிஷேகத்தில் வானத்தைப் பார்த்துக் காத்திருக்கிறோமே, அதே பறவை. முதல் தடவை பார்த்ததும் பெரியவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், எனக்கு அது பிடிக்கும்.

தீனி போடும் படகில் நாங்கள் ஏற்றுவதில்லை. கருடன் மீனும் நண்டும் பிடித்துத் தின்னத் தெரிந்த பறவை. கோழித்தோலுக்குப் பழகிவிட்டால் நாம் பார்ப்பது பசிக்குக் கூடும் கூட்டம்தான். கரைமேட்டில் நின்றால் அது தண்ணீரில் இறங்கித் தானே மீன் எடுப்பதைப் பார்க்கலாம். நேரம் ஆகும், ஆகட்டும்.

புக்கிட் மெலாவத்தி குரங்குகளுக்கு ரொட்டி கொண்டு வரலாமா?

வேண்டாம். சாம்பல் நிறத்தில் சாதுவாக உட்கார்ந்திருக்கும் லோத்தோங் இலை தின்னும் குரங்கு. அதன் வயிறு மாட்டு வயிறு போலப் பல அறை கொண்டது, இலையை ஊறவைத்துச் செரிக்கும். ரொட்டியும் இனிப்பும் அதற்குக் கெடுதல். தாய் சாம்பல், குட்டி மட்டும் பளிச்சென்ற ஆரஞ்சு. அதைப் பார்க்க மட்டும் வாருங்கள். நீண்ட வாலுள்ள கேரா வேறு ரகம், பையைப் பிடுங்கும். 1907இல் கட்டிய கலங்கரை விளக்கமும் அந்தக் குன்றில்தான், நேரம் இருந்தால் ஏறுவோம்.

மின்மினியைத் தோட்டத்திலேயே பார்த்திருக்கிறோமே. இங்கே என்ன விசேஷம்?

தோட்டத்தில் பார்ப்பது ஒன்றும் இரண்டுமாக அலையும் மின்மினி. இங்கே இருப்பது வேறு இனம், உடம்பு ஒரு அரிசி மணி அளவுதான். ஆற்றோரத்து பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கில் கூடி, ஆண்கள் எல்லாம் ஒரே தாளத்தில் மின்னும். வினாடிக்கு ஏறத்தாழ மூன்று முறை. பெண்ணைக் கூப்பிடத்தான் இவ்வளவும்.

கம்போங் குவாந்தானில் துடுப்புப் படகு, வழக்கமாக ஒரு படகுக்கு நாலு பேர். படகோட்டியை "பாக் சிக்" என்று மரியாதையாகக் கூப்பிடுங்கள். கரையை விட்டதும் கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் பிடிக்கும். முதலில் மரம் ஒரு கருப்பு மொத்தையாக இருக்கும். அப்புறம் ஒரு கிளை மட்டும் மின்னும், அடுத்த கிளை கொஞ்சம் பிந்தி மின்னும், இரண்டும் சேர்ந்துகொள்ளும். துடுப்பை நிறுத்தி மரத்துக்கு அடியில் படகு நிற்கும்போது யாரும் பேச மாட்டார்கள். நான் சொல்லி அடக்க வேண்டியிருந்ததே இல்லை.

பெரெம்பாங் மரத்தைப் பற்றி இன்னொரு செய்தி உண்டு, பத்துமலைக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் சொல்ல ஆசைப்படுவேன். அந்த மரத்தின் பூ இரவில் மலர்ந்து விடிவதற்குள் முடிந்துவிடும். அதில் மகரந்தம் சேர்ப்பது தேன் குடிக்கும் வௌவால். பத்துமலை இருட்டுக் குகையில் தங்கும் அந்த வௌவால்கள் இரவில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் பறந்து கடலோரச் சதுப்புக்கு வரும். நாம் சாப்பிடும் டுரியானுக்கும் மகரந்தம் சேர்ப்பது அதே வௌவால்தான்.

மின்மினி குறைந்துவிட்டது என்கிறார்களே?

குறைந்திருக்கிறது. பெரியவர்கள் சொல்லும் பழைய மரங்களை இன்று தேட வேண்டியிருக்கிறது. மரம் மட்டும் இருந்தால் மின்மினி இருந்துவிடாது. அதன் புழு மரத்தில் வளர்வதில்லை. ஆற்றங்கரைக்குப் பின்னால் நீப்பா, ரும்பியா என்ற பனை வகைகள் நிற்கும் ஈர மண்ணில் சின்ன நத்தைகளைத் தின்று வளர்கிறது. அந்தப் பின்பக்கத்தை வெட்டிச் செம்பனையோ இறால் குளமோ போட்டால், கரையில் ஒரு வரிசை மரத்தை விட்டுவைத்தும் பயன் இல்லை. ஆற்றில் நன்னீர் குறைந்து உப்பு மேலே ஏறினாலும் சிக்கல். கரையோர விளக்கு வெளிச்சம் இன்னொரு இடைஞ்சல்.

ஆற்றின் மேல்பக்கம் இருக்கும் நமக்கும் இதில் பங்கு உண்டு. பூச்சிமருந்து டின்னை வடிகாலில் கழுவாதீர்கள், பழைய எண்ணெயை ஊற்றாதீர்கள். அது மறைந்துபோவதில்லை, கம்போங் குவாந்தான் வழியாகத்தான் போகிறது. பயணம் போய் வந்த ஒரு அக்கா, தன் லயத்தில் (தோட்ட வீட்டு வரிசையில்) மருந்து அடிப்பவர்களிடம் போய் இதைச் சொல்லி, டின் கழுவும் இடத்தையே மாற்றவைத்தார்.

ஃபோனில் படம் எடுக்கலாமா?

பகலில் தாராளமாக. படகில் ஃபிளாஷ், டார்ச், ஃபோன் திரை எதுவும் வேண்டாம். மின்மினி ஒளியால் பேசுகிறது. நாம் விளக்கடித்தால் பேச்சு நின்றுவிடும். எப்படியும் ஃபோன் படத்தில் கருப்புதான் விழும்.

என்ன உடுத்துவது? கொசு?

முழுக்கை, முழுக்கால். பச்சை, பழுப்பு, சாம்பல் மாதிரி மங்கல் நிறம். பளிச்சென்ற வெள்ளை, சிவப்பு வேண்டாம். கொசு நிறைய உண்டு, டெங்கியை நினைத்து அலட்சியம் வேண்டாம். மருந்தை வேனிலேயே தடவிக்கொள்ளுங்கள், படகில் தெளிக்காதீர்கள். செருப்பு வழுக்கும், பழைய பள்ளிச் சப்பாத்து போதும்.

பசியாற என்ன ஏற்பாடு?

வீட்டில் பசியாறிவிட்டு வாருங்கள். மாலைக்குப் புளிச்சோறும் அவித்த கடலையும் நாங்கள் கொண்டு வருவோம், புரட்டாசிக்காரர்களுக்கும் ஆகும். நீங்களும் ஏதாவது கொண்டு வந்தால் வாழையிலையில் மடித்தால் நல்லது, பாலிஸ்டைரீன் டப்பா வேண்டவே வேண்டாம். கடல் உணவு சாப்பிட விரும்புகிறவர்கள் தனியாக இன்னொரு நாள் கோலசிலாங்கூர் போகலாம்.

பாட்டி வரலாமா? கைக்குழந்தை?

பாட்டி கட்டாயம் வரட்டும். கரைமேடு சமதளம், மெதுவாக நடந்தால் போதும், கோபுரம் ஏற வேண்டியதில்லை. அலையாத்திக் காட்டுக்குள் போகும் பலகைப்பாதையைச் சில சமயம் பழுதுபார்க்க மூடிவிடுவார்கள், போகுமுன் கேட்டுக்கொள்கிறோம். படகில் ஏறி இறங்க இரண்டு பேர் கை கொடுப்போம். மிதவைச் சட்டை எல்லாருக்கும் கட்டாயம். கைக்குழந்தையைப் பகல் நடைக்குக் கொண்டு வாருங்கள், இரவுப் படகுக்கு வேண்டாம்.

பாம்பு, முதலை?

பாம்பு உண்டு, மரக்கிளையில் அசையாமல் கிடக்கும். கைப்பிடியைப் பார்த்துப் பிடியுங்கள். பெரிய உடும்பு பாதையில் குறுக்கே வரும், வழி விட்டால் போய்விடும். முகத்துவார ஆறுகள் உப்புநீர் முதலை வாழக்கூடிய இடம், படகிலிருந்து கையைத் தண்ணீரில் விடக்கூடாது.

பைனாகுலர் வாங்க வேண்டுமா?

முதல் பயணத்துக்கு வேண்டாம், எங்களிடம் மூன்று இருக்கிறது, மாற்றிக்கொள்ளலாம். வாங்குவதானால் 8x42 வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், 42 மில்லிமீட்டர் கண்ணாடி மாலை மங்கலிலும் வெளிச்சம் வாங்கும். பன்னிரண்டு மடங்கு, இருபது மடங்கு என்று விற்பதில் கை நடுக்கமும் அத்தனை மடங்கு தெரியும்.

சனிக்கிழமையும் வேலை. வர முடியாதவர்கள் என்ன செய்வது?

செம்பனைக் காட்டில் கம்பத்தின்மேல் மரப்பெட்டி நிற்கிறதே, அதைச் சாயங்காலம் பாருங்கள். எலி பிடிக்கக் கூகைக்கு வைத்த வீடு அது. ஏழு ஏழரைக்கு இதய வடிவ வெள்ளை முகம் ஒன்று வாசலில் தோன்றும். ஆந்தை கத்தினால் ஆகாது என்று நம் வீடுகளில் ஒரு பயம் உண்டு. பாட்டிகளோடு நான் வாதாடுவதில்லை. குலையைக் கடிக்கும் எலியை ராத்திரி முழுக்கப் பிடிப்பது அது என்று மட்டும் சொல்வேன். பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளிலும் விடியற்காலையில் கொக்கும் நாரையும் இறங்கும். கரை சரியும், ஓரத்துக்குப் போகாமல் தூர நின்று பாருங்கள்.

மழை வந்தால் பணம் திரும்ப வருமா?

படகுக்காசு கட்டுவதற்கு முன் மழை பிடித்தால் திருப்பித் தருவோம். வேன் காசு தர முடியாது. லேசான தூறல் என்றால் காத்திருப்போம், மழை விட்டபின் மின்மினி மறுபடி மின்னத் தொடங்கும்.

அடுத்த பயணம் எப்போது, எப்படிப் பதிவது?

அடுத்த அமாவாசைக்குக் கிட்ட வரும் சனிக்கிழமை. தேதி கோயில் அறிவிப்புப் பலகையில் இருக்கும். இருபது பேருக்குத்தான் இடம், அதில் ஆறு எப்போதும் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. மதியம் இரண்டு மணிக்குக் கோயில் முன் வந்துவிடுங்கள். தோட்டத்துப் பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) வருகிற மாதிரி நேரத்தோடு வர வேண்டும், ஏனென்றால் ஏற்றம் நமக்காகக் காத்திருக்காது. தண்ணீர் போத்தல், தொப்பி, மழைச்சட்டை, பாட்டிக்கு ஒரு மடக்கு நாற்காலி.